வியாபாரத்துக்கு இணையதளமும் வலைச் செயலியும்: வடசென்னை வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையதளமும் வலைச் செயலியும் செய்து தரும் தொழிலில் இருப்பதால், பாரிமுனையின் சுங்க கிளியரிங் அலுவலகங்கள், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகள், காசிமேட்டு மீன் வியாபாரிகள், செங்குன்றம் அரிசி மண்டிகள், திருவொற்றியூர், மணலிப் பக்கத்துப் பட்டறைகள் எனப் போகும் இடமெல்லாம் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கேட்பவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பணமும் உரிமையும் சட்டமும் பின்னிக்கொள்ளும் கேள்விகள் பின்னால் வருகின்றன.

வாட்ஸ்அப்ல ஆர்டர் வருது, இன்ஸ்டாகிராம்ல படம் போடுறோம். தனியா வெப்சைட் எதுக்கு சார்?

எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்வதில்லை. தெருவில் வருகிறவர்களை நம்பி நடக்கும் டிபன் கடைக்கோ சலூனுக்கோ, கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரியாக நிரப்பி வைத்தாலே போதும். அதற்குக் கட்டணம் இல்லை; வரைபடத்தில் கடை தெரியும், திறக்கும் நேரமும் போன் எண்ணும் தெரியும்.

உங்களை நேரில் பார்த்திராத ஒருவர் பெரிய தொகைக்கு ஆர்டர் கொடுக்கும் தொழில் என்றால் இணையதளம் அவசியம். வெளியூர் மொத்த வியாபாரியோ வெளிநாட்டு இறக்குமதியாளரோ பணம் அனுப்புவதற்கு முன் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பார். முகவரி, ஜி.எஸ்.டி. எண், என்னென்ன சரக்கு, எந்த அளவில் கிடைக்கும் என்பதெல்லாம் நிறுவனத்தின் சொந்தப் பெயரிலுள்ள இடத்தில் இருந்தால் அவருக்கு நம்பிக்கை வரும். சமூக ஊடகக் கணக்கு, அந்த ஊடகத்தை நடத்தும் நிறுவனத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. ஏதோ ஒரு காரணத்தால் அது முடக்கப்பட்டால், பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் தொடர்புகளும் அன்றே கைவிட்டுப் போய்விடும்.

வெப்சைட், வெப் அப்ளிகேஷன் ரெண்டும் ஒண்ணுதானே?

வருகிறவர் படித்துத் தெரிந்துகொள்ள இருப்பது இணையதளம். அவர் உள்ளே நுழைந்து ஒரு வேலையைச் செய்து முடிக்க இருப்பது வலைச் செயலி. தம்பு செட்டித் தெருவில் இருக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் தம் சேவைகளையும் தொடர்பு எண்ணையும் பக்கங்களாக வைத்தால், அது இணையதளம். இறக்குமதியாளர் லாகின் செய்து தம் கன்டெய்னர் எந்த நிலையில் இருக்கிறது, சுங்கத் துறைக்கான பில் ஆஃப் என்ட்ரி பதிவாகிவிட்டதா, டியூட்டி கட்டியாயிற்றா என்று பார்க்கும்படியும், அலுவலகப் பணியாளர் அந்த விவரங்களை ஏற்றும்படியும் செய்தால், அது வலைச் செயலி.

இரண்டுக்கும் உழைப்பு ஏன் வேறுபடுகிறது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் போதும். கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்துகளும் 7 இலக்கங்களும் இருக்கும், ஐ.எஸ்.ஓ. 6346 தரத்தின்படி அதன் கடைசி இலக்கம், முன்னுள்ளவற்றைக் கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். நன்றாகச் செய்த செயலி, பணியாளர் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்த உடனேயே கணக்குப் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். இணையதளத்தில் அந்த எண் வெறும் எழுத்து. யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் எது சரி, எது தவறு, யார் மாற்றலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று எழுதிக்கொண்டே போவதுதான் செயலியில் நாள்களை எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு ஆகும்? ரவுண்டா ஒரு தொகை சொல்லிடுங்க.

வேலை என்னவென்று தெரியாமல் தொகை சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கேட்பதற்கு முன், ஒரே ஒரு தாளில் சில விஷயங்களை எழுதுங்கள்: யார் யார் இதைப் பயன்படுத்துவார்கள், ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும், பணம் ஆன்லைனில் வாங்க வேண்டுமா, டேலி போன்ற கணக்கு மென்பொருளோடு இணைய வேண்டுமா, தமிழ் வேண்டுமா, படங்களையும் விவரங்களையும் யார் தருவார்கள். அதே தாளை மூன்று பேரிடம் கொடுத்தால், வரும் மூன்று தொகைகளையும் ஒப்பிட முடியும். ஆளுக்கு ஒரு விதமாக வாயால் சொன்னால், ஒவ்வொருவரும் தம் கற்பனைக்கு விலை சொல்வார்கள்.

தொகையை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: ஒரு முறை செய்வதற்கு, ஆண்டுதோறும் கட்ட வேண்டியது, பிறகு மாற்றம் கேட்டால் ஆவது. தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில்தான் ஆகும். அதற்குப் பல ஆயிரம் கேட்டால் காரணம் கேட்கலாம். சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சொன்ன தொகையில் அது அடங்கியிருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நீங்களும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால், பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லி உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நீங்களே வாங்கிப் போட்டுடுங்களேன். யார் பேர்ல இருந்தா என்ன?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். டொமைன் பெயர் நிலம் மாதிரி. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சொந்தம், மேலே கட்டடம் கட்டக் காசு கொடுத்தது யாராக இருந்தாலும் சரி. அதனால் அதை நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் மொபைல் எண்ணில், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டி நீங்களே வாங்குங்கள். செய்து தருபவர் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டட்டும். அந்த மின்னஞ்சல் வேலையை விட்டுப் போகக்கூடிய மேலாளருடையதாக இருக்கக் கூடாது. அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலாகவும் இருக்கக் கூடாது; டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுபோகும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் உங்களுக்கு வராது.

ஒரே முறையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். டாட் இன் பெயர்களை நிக்ஸி என்கிற இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம் நிர்வகிக்கிறது. புதுப்பிக்காமல் விட்ட டாட் காம் பெயருக்கு, அதைப் பதிவு செய்து தந்த நிறுவனமான பதிவாளர் பொதுவாகச் சில வாரச் சலுகைக் காலம் தருவார். பிறகு 30 நாள் மீட்புக் காலம் ஒன்று உண்டு, அதில் திரும்பப் பெறக் கூடுதல் கட்டணம் ஆகும். அதுவும் கடந்தால் பெயர் பொதுவில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்கள் கடைப்பெயரில் சம்பந்தமே இல்லாத ஒரு தளம் திறப்பது இப்படித்தான் நடக்கிறது.

தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடமான ஹோஸ்டிங்குக்கும் இதே முறைதான். கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும். செய்பவருக்குத் தனி அனுமதி கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

முன்னாடி பண்ணிக் கொடுத்த ஆள் போனே எடுக்க மாட்டேங்கறார். பாஸ்வேர்டு எல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. என்ன பண்றது?

முதலில், டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் உங்கள் டொமைனைப் போட்டு, அது எந்தப் பதிவாளர் நிறுவனத்தில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டிருக்கலாம். பதிவாளரின் பெயரும் தேதியும் தெரியும். பதிவு உங்கள் நிறுவனப் பெயரில் இருந்தால், அந்தப் பதிவாளருக்கே ஜி.எஸ்.டி. சான்றிதழ் போன்ற ஆவணங்களோடு எழுதி மீட்டுக்கொள்ள வழி உண்டு. தளத்தைச் செய்து தந்தவர் பெயரில் இருந்தால், டொமைனை வேறு பதிவாளரிடம் மாற்றத் தேவைப்படும் மாற்றக் குறியீட்டைக் கேட்டு அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். கோபத்தை அந்தக் கடிதத்தில் காட்ட வேண்டாம். பாக்கித் தொகை ஏதாவது இருந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள முன்வருவதாகச் சொன்னால், பாதிப் பிணக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் பதில் இல்லை, பெயரோ உங்கள் வர்த்தகக் குறி என்றால், டாட் இன் பெயருக்கு நிக்ஸியின் தகராறு தீர்வு முறையும், டாட் காம் பெயருக்கு அதற்குரிய உலகளாவிய தீர்வு முறையும் இருக்கின்றன. இரண்டிலும் செலவும் காலமும் ஆகும். இதற்கிடையே தளம் திறந்திருக்கும்போதே எல்லாப் பக்கங்களையும் படங்களையும் சேமித்து வைத்துவிடுங்கள். ஏற்கெனவே மூடியிருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய பிரதி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

வேர்ட்பிரஸ் போதுமா, இல்ல கோடு எழுதித்தான் பண்ணணுமா?

அறிமுகப் பக்கங்கள், பொருள் பட்டியல், செய்திகள், சிறிய ஆன்லைன் கடை ஆகியவற்றுக்கு வேர்ட்பிரஸ் தாராளமாகப் போதும். தளம் கட்டுவதற்கென 2003 முதல் இருக்கும், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள் என்பதால், அதைத் தெரிந்தவர்கள் ஊரெங்கும் கிடைப்பார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் தொடரலாம். அதில் சேர்க்கும் பிளக்இன்கள் என்கிற துணை நிரல்களைக் குறைவாக வைத்து, தவறாமல் புதுப்பிக்க வேண்டும். உங்கள் தொழிலுக்கே உரிய கணக்கு முறை, பல நிலை ஒப்புதல், லாரி வாடகைக் கணக்கு, கடன் வரம்பு போன்றவை வந்துவிட்டால், பிளக்இன்களை ஒட்டி ஒட்டிச் சமாளிப்பதைவிடத் தனியாகக் கோடு, அதாவது கணினி நிரல், எழுதுவதே நாளடைவில் மலிவு.

எங்க கஸ்டமர் தமிழ்லதான் படிப்பாங்க. நோட்டீசுக்கு டைப் பண்ண ஃபைல் பிரஸ்ல இருக்கு, அதையே எடுத்துப் போட்டுடலாமே?

தமிழில் தாராளமாகச் செய்யலாம், செய்ய வேண்டும் என்றும் விரும்புகிறேன். ஆனால் அச்சகத்திலிருந்து வரும் கோப்பு பெரும்பாலும் பழைய எழுத்துரு முறையில் இருக்கும். அதில் கணினிக்குள் பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். குறிப்பிட்ட எழுத்துரு இருக்கும் கணினியில் அவை தமிழாகத் தெரியும். அப்படியே இணையத்தில் போட்டால் வாசகர் கைபேசியில் புரியாத குறிகளாகத் தெரியும், கூகுள் தேடலிலும் அகப்படாது. இணையத்துக்கு, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடு முறைதான் வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி மெய்ப்புப் பார்க்க வேண்டும், குறிப்பாக விலைகளையும் எண்களையும்.

வலைச் செயலியில் தமிழ் வரும்போது இன்னும் சில இடங்களைச் சோதித்தே வாங்குங்கள். விவரங்களைச் சேமிக்கும் தகவல் தளத்தின் (டேட்டாபேஸ்) எழுத்து அமைப்பு சரியாக இல்லாவிட்டால், சேமித்த பெயர்கள் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும். பில்லை பி.டி.எஃப். ஆக்கும்போது "பொன்னேரி" என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்; திரையில் சரியாகத் தெரிந்தது தாளில் உடைந்துபோவதை நான் பல செயலிகளில் பார்க்கிறேன். அகரவரிசையும் தானாகச் சரியாக வராது. யூனிகோடு குறியெண்களின் வரிசையில் ஜகரம் சகரத்துக்குப் பின்னும், னகரம் நகரத்துக்குப் பின்னும் நிற்பதால், தமிழ் வரிசைக்கான விதியைச் செயலியில் தனியாகச் சொல்லவில்லை என்றால் வாடிக்கையாளர் பட்டியல் தப்பான ஒழுங்கில் வரும். இவற்றில் எதுவும் செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை.

தேடும் பெட்டியையும் மறக்க வேண்டாம். தமிழில் படிப்பவர்களில் பலர் ஆங்கில எழுத்துகளில்தான் தேடுவார்கள். "பச்சரிசி"யை அவர்கள் எப்படி அடித்தாலும் பொருள் வந்து நிற்கும்படி மாற்று எழுத்துக்கூட்டல்களைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

கூகுள்ல முதல் இடத்துல வரணும். கேரண்டி கொடுப்பீங்களா?

யாராலும் கொடுக்க முடியாது. முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி கூகுளே சொல்கிறது. உங்கள் கையில் இருப்பவை வேறு: நிறுவனத்தின் பெயரும் முகவரியும் போன் எண்ணும் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி இருப்பது, ஒவ்வொரு சேவைக்கும் தெளிவான தனிப் பக்கம் இருப்பது, நீங்கள் சரக்கு அனுப்பும் பகுதிகளின் பெயர்கள் உரையில் இயல்பாக வருவது, தளம் வேகமாகத் திறப்பது.

வேகத்துக்கு கூகுள் ஓர் அளவு வைத்திருக்கிறது: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தளம் மெதுவாவதற்குப் பெரும்பாலும் காரணம், கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றுவதுதான். படங்களைச் சிறிதாக்கி வெப்பி (WebP) என்கிற பட வடிவில் போட்டாலே பாதித் தாமதம் குறைந்துவிடும். சோதிக்கும்போது உங்கள் விலையுயர்ந்த போனை எடுக்காதீர்கள். விற்பனைப் பையனின் சாதாரணப் போனில், கோடவுனுக்குள் நின்று திறந்து பாருங்கள்.

யூபிஐ, கார்டு எல்லாம் சைட்லயே வாங்கணும்னா என்னென்ன வேணும்?

தளத்தில் செலுத்தும் பணத்தை வாங்கி உங்கள் வங்கிக் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றில் கணக்குத் தொடங்க வேண்டும். பான், வங்கி நடப்புக் கணக்கு, நிறுவன ஆவணங்கள் கேட்பார்கள். தளத்தில் தொடர்பு முகவரி, விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்பித் தருதல், சரக்கு அனுப்புதல் பற்றிய பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். இந்தப் பக்கங்களை வேறொரு தளத்திலிருந்து படியெடுத்துப் போடுவது ஆபத்து. திரும்பப் பெறுவதாக நீங்கள் எழுதியதை வாடிக்கையாளர் கேட்டால் செய்தாக வேண்டும். கார்டு கட்டணம் பொதுவாக 2 சதவீத அளவில் இருக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. யூபிஐக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் தள்ளுபடிக் கட்டணம் (வந்த தொகையில் வணிகரிடம் பிடிக்கும் கட்டணம்) பூஜ்யம் என்றாலும், கேட்வே நிறுவனம் தன் சேவைக்கென ஏதேனும் வாங்குகிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வாடிக்கையாளரின் கார்டு எண்ணை உங்கள் தகவல் தளத்தில் சேமிக்கக் கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அதைத் தடுக்கிறது. அடுத்தது, பணம் வந்துவிட்டது என்பதை வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்தோ அவர் திரையில் தெரியும் பக்கத்தை வைத்தோ முடிவு செய்யக் கூடாது. கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாகத் தரும் உறுதிச் செய்தி வந்த பிறகே ஆர்டர் உறுதியாக வேண்டும்.

ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். போடச் சொன்னா மட்டும் ஏன் நாள் கேக்கறீங்க?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வணிக எஸ்.எம்.எஸ். அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. என்கிற பதிவுத் தளத்தில் தன்னையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வார்ப்பையும் (டெம்ப்ளேட்) பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். பதிவு உங்கள் நிறுவன ஆவணங்களைக் கொண்டு உங்கள் பெயரில்தான் நடக்கும். செயலி வேலை தொடங்கும் அன்றே விண்ணப்பித்துவிட்டால் கடைசியில் காத்திருக்க வேண்டியிருக்காது.

ஆன்லைன்ல விக்கறதுக்குத் தனிச் சட்டம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி, விற்பனை செய்யும் தளத்தில் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டத்தின் மூலம் பெறக் கூடாது. பொட்டலமிட்ட பொருள் என்றால் அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, தயாரித்த நாடு போன்றவையும் பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறிய கடையில் உரிமையாளரே குறைதீர் அலுவலராக இருக்கலாம். பெயரைப் போட்டுவிட்டுப் போனை எடுக்காமல் இருப்பதுதான் கூடாது.

சர்வரை எங்க ஆபீஸ்லயே வெச்சுக்கறோம். நம்ம டேட்டா நம்ம கையில இருக்கும்ல?

இந்த எண்ணத்தின் பின்னால் இருக்கும் அக்கறை சரியானது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் புகுந்த கடைகளையும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத தெருக்களையும் வடசென்னையில் பார்க்காதவர்கள் இல்லை. தரைத்தளத்து அலுவலகத்தில் மேசைக்கடியில் இருக்கும் கணினிதான் உங்கள் ஒரே சர்வர் என்றால், கடையும் கணக்கும் ஒரே நாளில் போய்விடும்.

சர்வரை இணையம் வழியே வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனங்களுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் சென்னையிலும் தரவு மையங்கள் இருக்கின்றன. உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, இந்தியாவுக்குள்ளேயே தரவு இருக்கும்படி தேர்ந்தெடுக்கலாம். தரவு நம் கையில் இருப்பது என்பதற்கு நான் வைக்கும் அளவு இது: தினமும் தானாக ஒரு பேக்கப் பிரதி எடுக்கப்படுகிறது, அது சர்வர் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கிறது, அதன் சாவி உங்களிடம் இருக்கிறது, அதிலிருந்து செயலியை மீண்டும் எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். கடைசி நிபந்தனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப் வேலை செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சின்ன கடை எங்களோடது. எங்களை யார் சார் ஹேக் பண்ணப் போறாங்க?

உங்களைத் தேடி யாரும் வர வேண்டியதில்லை. பழைய பிளக்இன்னும் எளிய பாஸ்வேர்டும் இருக்கும் தளங்களைத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தேடிக்கொண்டே இருக்கின்றன; கிடைத்ததில் மோசடிப் பக்கங்களை ஏற்றிவிடும். அதன் பிறகு உங்கள் தளத்தைத் திறப்பவருக்கு உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டும். தளத்துக்கும் திறப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாத தளங்களைக் குரோம் 2018 ஜூலை முதல் பாதுகாப்பற்றவை என்று காட்டுகிறது. ஆகவே இதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால் காரணம் கேளுங்கள்.

மிகச் சாதாரணமான ஓட்டை, வேலையை விட்டுப் போனவரின் லாகின் திறந்தே இருப்பது. ஆளுக்கொரு லாகின் கொடுங்கள், பொதுவான ஒரே பாஸ்வேர்டு வேண்டாம், நிர்வாகிக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். அப்படியும் தரவுத் திருட்டு போன்ற சம்பவம் நடந்துவிட்டால், கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்பது, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு. யார் தெரிவிப்பது, நீங்களா செய்து தந்தவரா என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கஸ்டமர் போன் நம்பர், அட்ரஸ் எல்லாம் வெச்சிருக்கோம். அதுக்கு ஏதோ புதுச் சட்டம் வந்திருக்காமே?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி, சம்மதம் பெற்று, அந்தக் காரியத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும். தேவை முடிந்ததும் நீக்க வேண்டும். வாடிக்கையாளர் தம் விவரத்தைத் திருத்தவோ அழிக்கவோ கேட்டால் வழி இருக்க வேண்டும். சரக்கு அனுப்ப முகவரி போதும் என்னும்போது ஆதார் நகல் கேட்கும் படிவங்களை இன்றே மாற்றுங்கள். வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் பில்களும் கணக்குகளும் இதில் அழிய வேண்டியதில்லை.

டேலியில இருக்கற ஸ்டாக்கும் சைட்ல இருக்கற ஸ்டாக்கும் தானா ஒண்ணாகிடுமா?

டேலி எக்ஸ்.எம்.எல். வடிவில் தகவலைக் கொடுக்கவும் வாங்கவும் செய்யும், ஆகவே இணைக்கலாம். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே சேலையை டேலியில் ஒருவர் ஒரு பெயரிலும் பில்லில் இன்னொருவர் சுருக்கியும் எழுதியிருந்தால், எந்தச் செயலிக்கும் அவை ஒன்றென்று தெரியாது. முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே குறியீடு வைத்துப் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலும் இந்த வேலைதான் கணினி வேலையைவிட நீளும். அதைச் செய்ய உங்கள் கடையை அறிந்த ஆள்தான் வேண்டும்.

பிறகு, எது மூலக் கணக்கு என்று முடிவு செய்ய வேண்டும். தீபாவளி நெரிசலில் எம்.சி. ரோட்டுக் கடைக் கவுன்டரில் விற்ற கடைசிச் சேலையை அதே நிமிடம் ஒருவர் தளத்தில் வாங்கினால் யாருக்குக் கொடுப்பது? பில் போட்ட உடனே தளத்துக்குத் தெரிய வேண்டும் என்றால் செலவு கூடும். அரை மணிக்கு ஒரு முறை தெரிந்தால் போதும் என்றால், கையிருப்பில் சிலவற்றைத் தளத்தில் காட்டாமல் ஒதுக்கி வைக்கலாம். பெரும்பாலான கடைகளுக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் கருத்து.

ஏ.ஐ. வெச்சு ஒரே நாள்ல பண்ணிடலாம்னு என் பையன் சொல்றான். உண்மையா?

அறிமுகத் தளம் என்றால் உண்மைதான். பையனையே செய்யச் சொல்லுங்கள், டொமைன் மட்டும் மேலே சொன்னபடி நிறுவனப் பெயரில் இருக்கட்டும். நாங்களும் அந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறோம். பணமும் வாடிக்கையாளர் தரவும் புழங்கும் செயலியில், கருவி எழுதித் தந்த கோடைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் முகவரிப் பட்டையில் எண்ணை மாற்றினால் இன்னொருவரின் பில் திறக்கிறதா என்பது போன்ற ஓட்டைகள், பார்வைக்கு எல்லாம் சரியாக ஓடும் செயலியிலும் இருக்கும். அதைச் சோதித்துப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள்.

காசு கொடுத்துப் பண்ண வெச்சது நாங்க. அப்ப கோடு எங்களோடதுதானே?

எழுத்தில் இல்லாவிட்டால் பெரும்பாலும் இல்லை. இதைச் சொன்னால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. உங்கள் சம்பளத்தில் இருக்கும் பணியாளர் தம் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நீங்கள் முதல் உரிமையாளர். வெளி நிறுவனமோ தனியாக வேலை எடுத்துச் செய்பவரோ எழுதினால், முதல் உரிமை பொதுவாக அவர்களிடமே இருக்கும்; கையெழுத்திட்ட எழுத்து மூலமான உரிமை மாற்றம் இருந்தால்தான் உங்களுக்கு வரும். அந்த எழுத்திலும் கால அளவு சொல்லப்படவில்லை என்றால் 5 ஆண்டு, எல்லை சொல்லப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஆகவே "முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

எல்லாக் கோடுக்கும் இப்படி உரிமை கேட்க முடியாது. வேர்ட்பிரஸ் போன்ற திறமூலப் பகுதிகள் அவற்றின் உரிமத்தின்படியே வரும். செய்பவர் தம் எல்லா வேலைகளிலும் பயன்படுத்தும் பொதுப் பகுதிகளை விற்க மாட்டேன் என்று சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்போது அவற்றை எப்போதும் பயன்படுத்தவும், வேறொருவரைக் கொண்டு மாற்றவும் உங்களுக்கு உரிமம் வேண்டும் என்று கேளுங்கள். சோர்ஸ் கோடு வாரந்தோறும் உங்கள் கணக்கிலுள்ள சேமிப்பகத்தில் ஏறிக்கொண்டே வரட்டும். கடைசி நாளில் பென் டிரைவில் வாங்குவது என்று வைத்தால், எது ஓடும் பிரதி என்றே தெரியாமல் போகும்.

கடைசித் தவணையை எப்ப கொடுக்கலாம்?

உங்கள் பணியாளர்கள், செய்து தந்தவர் அருகில் இல்லாமல், ஒரு வாரம் உண்மையான வேலையை அதில் செய்து பார்த்த பிறகு. பழைய ஆர்டர்கள் சிலவற்றை எடுத்து முழுவதுமாக ஓட்டிப் பாருங்கள்: பில் திருத்தம், ரத்து, பணம் திரும்புதல், இணையம் பாதியில் அறுந்து மீண்டும் வருதல். நல்லபடியாகப் போகும் ஆர்டரில் எல்லாச் செயலியும் நன்றாகத்தான் இருக்கும்.

அத்துடன் ஒப்படைப்பும் முடிந்திருக்க வேண்டும்: டொமைன், ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே, எஸ்.எம்.எஸ். கணக்குகளின் நிர்வாகி லாகின் உங்கள் கையில். பேக்கப்பிலிருந்து ஒரு முறை எழுப்பிக் காட்டியது. முந்தைய பதிலில் சொன்ன உரிமை மாற்றம் கையெழுத்தானது. இவை முடிந்ததும் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள். செய்தவரும் சம்பளம் கொடுக்க வேண்டியவர்தான். தவறுகளை இலவசமாகத் திருத்தும் காலம் எத்தனை மாதம், அதற்குப் பின் ஆண்டுப் பராமரிப்புக்கு என்ன தொகை, எத்தனை மணி நேரத்துக்குள் பதில் தருவார்கள் என்பவை வேலை தொடங்கும் முன்பே அந்த முதல் தாளில் எழுதப்பட்டிருந்தால், இந்தத் தவணையில் பேச வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது.